ஒரு மீனுக்கு ஒரு புழு

கோலார் தங்கவயலில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பங்காருபேட்டையில் ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். இருந்தும் அந்த ஊரின் ஒரு தனியார் மகளிர் கல்லூரியில், டாக்டர் ஈவ்லின் கிளாரன்ஸ் என்ற விலங்கியல் விரிவுரையாளர் இருபது வருஷத்துக்கு மேலாகக் கடல்புழுவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கேட்கிற பெண்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. புழுவை எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஹாஸ்டல் கத்தரிக்காயில்.

ஈவ்லினின் புழு கத்தரிக்காய்ப் புழு அல்ல. இளவயதில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஆய்வுக்கூடத்தில் உப்புக்காற்றில் தலைமுடியைப் பாழாக்கிக்கொண்டு அவள் ஆராய்ந்தது ஒரு செதில்புழுவை. நட்சத்திர மீனின் அடிப்பக்கத்தில், ஒவ்வொரு கையின் நீளத்துக்கும் ஓடும் பள்ளத்தில் அது குடியிருக்கும். மீனின் நிறத்தையே தானும் பூசிக்கொண்டு, மீன் தின்ற மிச்சத்தைத் தின்றுகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். தன் இனத்திலேயே இன்னொன்று அந்த மீன்மேல் ஏறும்வரைதான் இந்தச் சாது வேஷமெல்லாம். ஏறிவிட்டால், தொண்டையையே வெளியே தள்ளித் தாடையால் கவ்வும். வந்தவனின் முதுகுச் செதிலைப் பிய்க்கும். வாலைக் கடித்துத் துண்டாக்கும். ஒன்று ஓட வேண்டும், இல்லை சாக வேண்டும். ஒரு மீனுக்கு ஒரு புழு. இதுதான் சட்டம்.

யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் ஈவ்லினின் ஆராய்ச்சி. முதலில் குடியேறியவனே ஜெயிப்பான் என்று அவள் முடிவு கட்டினாள். அந்த முடிவு சரியா தப்பா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் அவளுடைய வீட்டு முற்றத்துக் கொடிக்கயிற்றில் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் ஒருநாள் ஒரு துண்டைக் காயப்போட்டபோது, "இந்தக் கயிறு நாங்க வந்த நாள்லேருந்து இருக்குது" என்றுதான் ஈவ்லின் சொன்னாள். சர்ச் கொயரில் கீழ்க்குரலில் பாடும் ஆல்டோ வரிசையின் ஓரத்தில் புதிதாக வந்த ஒரு பெண் நின்றுவிட்டபோது ஒன்றுமே சொல்லவில்லை. அவளை ஒட்டி நின்று இருமினாள். இரண்டாவது பாட்டுக்குள் இடம் காலியாகிவிட்டது.

கல்லூரியில் விலங்கியல் துறை என்பது பின்கட்டில் ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால், சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சயனைடு மேட்டின் தூசி உள்ளே வரும். திறக்காவிட்டால் ஃபார்மலின் நெடி வெளியே போகாது. சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில் வெளுத்துப்போன பிராணிகள். ஒரு மேஜை. ஒரு சாவி. அந்தச் சாவி ஈவ்லினின் கைப்பையில்தான் இருக்கும். துறைத் தலைவரும் அவள்தான், துறையும் அவள்தான். அட்டெண்டர் காத்தவராயன் ஒருவன் உண்டு. அவன் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்றாலும் இருக்கிறான் என்பதற்குப் பீடி வாசனை சாட்சி.

அந்த அறைக்குள்தான் ஒரு ஜூன் மாதக் காலையில் மமதா வந்து சேர்ந்தாள்.

துறைக்கு இரண்டு ஆசிரியராவது இருந்தால்தான் தரமதிப்பீட்டுக் குழுவின் முன்னால் கல்லூரி நிமிர்ந்து நிற்க முடியும் என்று கரஸ்பாண்டன்ட் இன்பராஜுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இன்பராஜ் கட்டட கான்ட்ராக்டராக இருந்து கல்விக்கு வந்தவர். இரண்டு தூண் வேண்டுமென்றால் இரண்டு தூண் நிறுத்திவிடுவார். மேலே கூரை உண்டா என்று பார்க்க மாட்டார்.

மமதாவுக்கு முப்பது வயது இருக்கும். முதுகில் ஒரு பை, காதில் கம்மலுக்குப் பதில் ஏதோ ஒரு மணி. ஈவ்லின் தாராளமாகவே ஆரம்பித்தாள்.

"வாம்மா, உக்காரு. உனக்கு ஊரு எது?"

"பங்காருபேட்டை மேடம்."

"பி.எச்டி. இன்னாத்துல பண்ணியிருக்க?"

"கடல்புழு மேடம். ஸ்கேல் வார்ம். நட்சத்திர மீன் மேல இருக்குமே, அது."

ஈவ்லின் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுல?"

"டெரிடோரியல் அக்ரெஷன். எடத்துக்குச் சண்டை போடும் இல்லையா, அது பத்தி. உங்க தீஸிஸ் முழுக்கப் படிச்சிருக்கேன் மேடம். என் தீஸிஸ்ல உங்களை எடுத்துக் காட்டியிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அந்த ஆராய்ச்சியைப் படித்ததாக ஈவ்லினிடம் சொன்ன முதல் ஆள் இவள்தான். கட்டின புருஷன்கூட அட்டையோடு நின்றுவிட்டார். ஈவ்லினின் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் பார்த்தும் முடியவில்லை.

"அப்படியா? எந்த எடத்துல?"

"ரெண்டாவது சாப்டர்ல மேடம். 'இம்முடிவு ஏற்கத்தக்கதன்று'ன்ற எடத்துல."

மமதா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் ஈவ்லினுக்குத் தாங்கவில்லை.

"அப்போ யாருதான் ஜெயிக்குமாம்?"

"பெரிசுதான் மேடம். யாரு முன்னாடி வந்தாங்க, யாரு பின்னாடி வந்தாங்கன்றது மேட்டரே இல்ல. சைஸ்தான்."

"சரிங்க. நீங்க போயி பிரின்சிபாலைப் பாத்துட்டு வாங்க" என்றாள் ஈவ்லின்.

'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. ஈவ்லினிடம் மரியாதை கூடினால் ஆபத்து என்பது புரிய மமதாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதல் சண்டை சாவிக்கு. இன்னொரு சாவி வேண்டும் என்று மமதா கேட்டாள். பூட்டு வெள்ளைக்காரன் காலத்துப் பூட்டு, அதற்கு மறுசாவி அடிக்க முடியாது என்றாள் ஈவ்லின். மமதா ஆண்டர்சன்பேட்டை கடைவீதிக்குப் போய் ஒரு புதுப் பூட்டே வாங்கி வந்து, பழைய பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அறையைத் திறக்க இரண்டு பேரும் வர வேண்டும். வங்கி லாக்கருக்குக்கூட இப்படிக் காவல் கிடையாது. உள்ளே இருந்ததோ ஊறவைத்த தவளை.

அடுத்தது மேஜை. மமதாவுக்கென்று ஒரு சின்ன மேஜை வந்தது. அது முதலில் கதவோரம் இருந்தது. பிறகு ஜாடிகள் பக்கம் வந்தது. யாரும் நகர்த்தியதாகத் தெரியவில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் அது மின்விசிறியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஈவ்லின் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள். மறுநாள் கோடு இல்லை.

"காத்தவராயா, கோடு எங்க?"

"கூட்டிட்டேன் மேடம்."

"நீ எந்தக் காலத்துல கூட்டியிருக்க?"

"அந்த மேடம்தான் கிளீனா இல்லன்னு சொன்னாங்க" என்றான் காத்தவராயன். அவன் வாயில் மமதா வாங்கிக்கொடுத்த மசால்வடை இருந்தது. இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்ல வடை. அந்தப் பக்கத்துச் சேதியை இந்தப் பக்கம் சொல்ல டீ. அந்த வருஷம் அந்தக் கல்லூரியிலேயே உடம்பு தேறியவன் அவன் ஒருவன்தான்.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்பாள் மமதா பாதிக் கன்னடத்தில், மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அட்ஜஸ்ட் பண்ணிகினுதான் இருக்கிறேன்" என்பாள் ஈவ்லின். சொல்லிவிட்டு ஒரு ஃபார்மலின் ஜாடியின் மூடியைத் திறந்து, பல்லியைச் சரிபார்க்கிற சாக்கில் மமதாவின் மூக்குக்கு நேரே கொஞ்சநேரம் பிடித்திருப்பாள்.

விலங்கியல் எடுத்த பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அவர்கள் பாடுதான் திண்டாட்டம். குடியிருப்பவனே ஜெயிப்பான் என்று எழுதினால் மமதா முட்டை போடுவாள். பெரியவனே ஜெயிப்பான் என்று எழுதினால் ஈவ்லின் முட்டை போடுவாள். ஜெயசீலி என்ற பெண் மட்டும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "இச்சண்டையில் வெற்றி பெறுவது எது என்பது கேள்வித்தாள் எடுத்தவரைப் பொறுத்தது" என்று எழுதி வைத்தாள். அவளுக்கு இரண்டு பேருமே முட்டை போட்டார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வீட்டில் ஈவ்லினின் புலம்பலைக் கேட்க புருஷன் கிளாரன்ஸ் ஒருவர்தான் இருந்தார். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு இருட்டினபிறகு திரும்புகிற மனுஷன். அவருக்குச் சோறும் தூக்கமும் போதும்.

"வெக்கமில்லாம வந்து ஒட்டிகினு, இருக்கிறவங்களைப் புடுங்கித் தின்னலாம்னு பாக்குது" என்றாள் ஈவ்லின்.

"இப்போ நீ புழுவைச் சொல்றியா, அந்தப் பொண்ணைச் சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ நீ?"

ஈவ்லின் ரசத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். கிளாரன்ஸ் அன்று மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

தரமதிப்பீட்டுக் குழு வருகிற தேதி முடிவானதும் இன்பராஜ் இருவரையும் கூப்பிட்டார்.

"வாங்க மேடம், வாங்க. ரெண்டு டாக்டருங்க, ரெண்டு பேரும் ஒரே புழு. இந்த மாதிரி வேற எந்தக் காலேஜுக்கும் அமையாது. வர்றவங்களுக்கு உயிரோட எதுனா காட்டணும். ஜாடியில செத்துக் கெடக்கறதைக் காட்டினா மார்க் போடமாட்டாங்க. அந்தப் புழுவைக் கொண்டாந்து சண்டைக்கு விடுங்க."

அவர் ஏதோ சேவல் சண்டையை நினைத்துக்கொண்டு சொன்னார். ஆனால் அந்த யோசனை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உச்சிமண்டையில் ஏறிவிட்டது. நாலு பெரிய மனுஷர்கள் முன்னால், உயிரோடு, ஒரே ஒரு சண்டை. இவள் சொன்னதா அவள் சொன்னதா என்று தெரிந்துவிடும்.

மமதாவுக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் கடல்மீன் தொட்டி வியாபாரம் செய்தார். இரண்டு நட்சத்திர மீன்கள், ஆளுக்கொரு புழுவோடு, தெர்மோகோல் பெட்டியில் ரயிலேறின. கேன் கேனாகக் கடல்தண்ணீரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் அதை வாங்க அனுப்பப்பட்டவர் கிளாரன்ஸ். கோட்டும் டையுமாகப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவரை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"உள்ள இன்னா?"

"நட்சத்திர மீனு சார்."

"சாப்பிடறதா?"

"இல்ல சார். அதும்மேல புழு இருக்குது. அது சண்டை போடும்."

போலீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். கிளாரன்ஸையும் ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல யாருனா இருக்காங்களா உங்களைப் பாத்துக்க?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்.

அறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் வைக்கப்பட்டன. சின்ன புழு இருந்த மீன் ஈவ்லினுக்கு. பெரிய புழு இருந்த மீன் மமதாவுக்கு. குழு வருகிற அன்று பெரிய புழுவை எடுத்துச் சின்ன புழுவின் மீன்மேல் விட வேண்டும். வீட்டுக்காரனான சின்னவன் ஜெயித்தால் ஈவ்லின் சொன்னது சரி. வந்தேறியான பெரியவன் ஜெயித்தால் மமதா சொன்னது சரி. இதைவிட நேர்மையான பந்தயம் இருக்க முடியாது. இரண்டு பேரும் கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள். குலுக்கிவிட்டு இரண்டு பேருமே கையைக் கழுவினார்கள், தொட்டித் தண்ணீர் பட்டிருக்கிறது என்று.

நேர்மை மூன்று நாள் தாங்கியது. மமதாவின் புழு பள்ளத்துக்குள் தடித்த கயிறுபோல நெளிந்தது. தன்னுடையதோ நூல்போல இருந்தது. ஒருநாள் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் கொஞ்சம் இறால் வாங்கினாள். பொடிப்பொடியாக நறுக்கி, மமதா வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, இடுக்கியால் பள்ளத்தில் ஊட்டிவிட்டாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். புழு கொஞ்சம் தின்றது; மீன் கொஞ்சம் தின்றது; மிச்சம் தொட்டியின் அடியில் போய்த் தங்கியது.

"எறா வாங்கினியே, கொழம்பு எங்க?" என்று கிளாரன்ஸ் கேட்டார். விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ சைஸுதான் முக்கியம்னு நீயே ஒத்துகினியா?"

"அதெல்லாம் இல்ல. ஊட்டம் வேற, சைஸு வேற."

சொல்லும்போதே அது அவளுக்கும் கொஞ்சம் இடித்தது. ஆனால் தன் வீட்டில் இருப்பவன் நாலு வாய் நன்றாகச் சாப்பிடுவது இயற்கைதானே என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் புழு நிஜமாகவே தடித்துவிட்டது. இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தால் எது எதுவென்று சொல்லமுடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஈவ்லினுக்கு நிம்மதி. தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. மீன் கண்ணாடியில் ஏறாமல் ஒரே மூலையில் கிடந்ததையும் கவனிக்கவில்லை. மீனை யார் பார்த்தார்கள்?

குழு வருகிற அன்று காலை ஈவ்லின் பட்டுப்புடவையில் சீக்கிரமே வந்தாள். மமதா அவளுக்கு முன்னாலேயே கதவருகில் நின்றாள். இரண்டு பூட்டையும் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். மமதாவின் தொட்டியில் மீன் மட்டும் இருந்தது, புழு இல்லை. ஈவ்லின் தன் தொட்டிக்கு ஓடினாள். மீனை மெல்லப் புரட்டினாள். பள்ளத்தில் ஒரு புழு இருந்தது, பாதி வால் இல்லாமல், முதுகுச் செதில்கள் பிய்ந்து, அங்கங்கே வெள்ளை வெள்ளையாக. அடியில் இறால் துணுக்குகளுக்கு நடுவே இன்னொரு புழு இரண்டு துண்டாகக் கிடந்தது.

"இது இன்னாது?" ஈவ்லினின் குரல் கீச்சிட்டது.

மமதா ஜன்னலைப் பார்த்தாள். "நேத்து சாயந்தரமே எடுத்து விட்டுட்டேன் மேடம்."

"ரெண்டு பூட்டு இருக்குது. எப்படி உள்ள வந்தீங்க?"

"சாயந்தரம் பூட்டு மாட்டறவன் காத்தவராயன்தானே மேடம். உங்க பூட்டை அழுத்தாம விடச்சொல்லி அவன்கிட்ட..." அவள் முடிக்கவில்லை. எத்தனை வடை என்பது அவர்களுக்குள் இருக்கட்டும்.

"எதுக்கு விட்டீங்க?"

"கொஞ்சம் எடம் பழகிக்கட்டுமேன்னு. மீனுக்குத் தள்ளி, தொட்டி மூலையிலதான் விட்டேன்."

ஈவ்லின் அவளை உற்றுப் பார்த்தாள். "எடம் பழகினா இன்னா, பழகலன்னா இன்னா? யாரு முன்னாடி வந்தாங்கன்றது மேட்டரே இல்லன்னு சொன்னது நீங்கதானே?"

மமதாவின் காதுமடல் சிவந்தது. குனிந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு அடியில் கிடந்ததை இடுக்கியால் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"மேடம், இது எறா."

ஈவ்லின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்க புழு எப்படி இவ்ளோ குண்டாச்சுன்னு பாத்துகினுதான் இருந்தேன். சைஸ் ஒரு விஷயமே இல்லன்னு தீஸிஸ்ல எழுதினது நீங்கதானே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஈவ்லினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்திருந்தால் அவளுடைய மிச்ச வாழ்க்கையே வேறாகியிருக்கும். ஆனால் அதற்குள் இன்னொரு விஷயம் அவளுக்கு உறைத்துவிட்டது.

"உயிரோட இருக்குதே, இது யாரோடது?"

மமதாவும் பார்த்தாள். ஈவ்லின் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பருமனும் ஒன்று, நிறமும் ஒன்று. வால் போய்விட்டதால் நீளத்தை வைத்தும் சொல்லமுடியாது. உலகத்தில் அந்தப் புழுவுக்காகவே வாழ்ந்த இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜெயித்தது எது, செத்தது எது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"என்னோடதுதான்" என்றாள் ஈவ்லின்.

"என்னோடது மேடம். தலையைப் பாருங்க."

"தலையை நான் உங்க வயசுலேருந்து பாத்துகினு இருக்கிறேன்."

குழு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் ஒரே தொட்டிக்குள் கையை விட்டிருந்தார்கள். பின்னால் இன்பராஜ் ரோஜாமாலையும் சிரிப்புமாக நின்றார். குழுத் தலைவர் மைசூரு பக்கத்து ஓய்வுபெற்ற பேராசிரியர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்கு ஈவ்லின் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தாள்: ஒரு மீனுக்கு ஒரு புழு, வீட்டுக்காரனின் உரிமை, அதோ ஜெயித்து உட்கார்ந்திருக்கிறான். மமதா குறுக்கே பாய்ந்தாள்: மன்னிக்கவும், ஜெயித்தது வந்தவன், பெரியவன். ஈவ்லின்: பெரியவன் அல்ல. மமதா: நீங்கள் இறால் போட்டீர்கள். ஈவ்லின்: நீங்கள் முந்தின நாளே விட்டீர்கள். மமதா தமிழுக்கு மாறினாள். ஈவ்லின் பதில் சொல்ல வந்து கொயரில் எட்டாத சுதியைத் தொட்டாள். இன்பராஜின் சிரிப்பு அப்படியே இருந்தது, மாலைதான் ஆடியது.

தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதனால் அந்த நட்சத்திர மீனுக்கு என்ன லாபம்?"

இருவரும் நிறுத்தினார்கள். ஈவ்லினின் ஆராய்ச்சியில் மீன் இடமாக வந்தது. பரப்பாக, வெப்பநிலையாக வந்தது. லாபநஷ்டம் வரவில்லை. "பாதிப்பு எதுவும் இல்லை" என்றாள். "சுத்தம் செய்யும் என்று சிலர் சொல்கிறார்கள்" என்றாள் மமதா.

"அப்படியா" என்றார் தலைவர். பேனாவால் தொட்டியைக் காட்டினார். "உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்."

மீனின் ஒரு கை தனியாகக் கழன்று மிதந்தது. மற்ற கைகள் ஊறின அப்பளம்போலத் துவண்டிருந்தன. கெட்டுப்போன இறால் நாற்றம் அப்போதுதான் எல்லோர் மூக்கிலும் ஏறியது. செத்த மீன்மேல், வாலில்லாத அந்தப் புழு மட்டும், வேறு யாராவது வருகிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழு போனபிறகு இன்பராஜ் கோபப்படவில்லை. "ரொம்ப நல்லா இருந்திச்சி மேடம்" என்றார். அதைக் கேட்டதும் ஈவ்லினுக்கு வியர்த்தது. அடுத்த வருஷம் விலங்கியலுக்கு அட்மிஷன் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, நீளக் கண்ணாடிகள் பதித்து, அழகுக்கலை வகுப்பு ஆரம்பித்தார்கள். பெண்கள் கூட்டம் அலைமோதியது. புழு இருந்த தொட்டியில் இப்போது சீப்புகள் ஊறுகின்றன.

மிச்சமிருந்தது ஒரு வேலை: எல்லா வகுப்புக்கும் பொதுவான சுற்றுச்சூழல் பாடம் நடத்த ஓர் ஆள்.

"ஒண்ணுதான் இருக்குது" என்றார் இன்பராஜ். "நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிகினு வாங்க. நான் நடுவுல வர்ல."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி, இரண்டு பேர் புடவையிலும் ஒரேமாதிரி தூசியைப் போட்டது. ஈவ்லின் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள்: வயசு, அனுபவம், கிளாரன்ஸின் ரத்த அழுத்தம். அதற்குள் மமதா சொல்லிவிட்டாள்.

"நீங்களே எடுத்துக்கோங்க மேடம். எனக்கு பெங்களூருல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க."

நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஈவ்லினுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. வந்து, வேறாக மாறி வெளியே விழுந்தது.

"அப்போ ஒத்துகிறீங்களா? முன்னாடி வந்தவங்கதான் நிக்கறாங்கன்னு?"

மமதா பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். "நான் தோக்கல மேடம். கெளம்பிப் போறேன். சண்டைக்கே வராம போயிடற புழுவை நாங்க தோத்ததா கணக்குல சேக்கறது இல்ல."

ஜெயித்துவிட்டாள் ஈவ்லின். வணிகவியல் பெண்களுக்கு பிளாஸ்டிக் பை கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். மரம் நடு, மழைநீர் சேமி. யாரும் மறுத்துப் பேசவில்லை. கேள்வியே கேட்கவில்லை. குடியிருப்பவனே ஜெயிப்பான் என்று ஒருநாள் சம்பந்தமில்லாமல் வகுப்பில் சொல்லிப் பார்த்தாள், எழுதிக்கொண்டார்கள். அந்த முடிவு தப்பு என்று சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சரி என்று சொல்லவும்தான் கிடையாது.

கிளாரன்ஸ் ஒருநாள் ரயிலிலிருந்து சேதியோடு வந்தார். "அந்த மமதா பொண்ணு நம்ம பெட்டியிலதான் ஏறுது. அந்தச் செத்த புழுவையும் வாலு போனதையும் மேடம் எடுத்து வெச்சிருக்காங்களான்னு கேக்குது."

வைத்திருந்தாள். குளியலறை அலமாரியில், ஷாம்பூ பாட்டிலுக்குப் பின்னால், ஃபார்மலின் சீசாவில்.

"இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்னும் சொல்லுங்க."

மமதா நுண்நோக்கியோடு வந்தாள். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் குனிந்து செதில் எண்ணினார்கள். யாருடையது என்று அன்றும் தெரியவில்லை. ஆனால் டீ குடிக்கும்போது மமதா ஒன்று சொன்னாள்: ஒரே மீனுக்கு இரண்டு புழு அடித்துக்கொண்டால் மீனுக்கு என்ன ஆகும் என்று இதுவரை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஈவ்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். உலகத்திலேயே இதை எழுதத் தகுதியானவர்கள் நாம்தான், நாம்தான் அதைக் கொன்றோம் என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். கிளாரன்ஸ் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

கட்டுரை மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. யார் பெயர் முதலில் போவது என்பது முடியவில்லை. வயதுப்படி என்றாள் ஈவ்லின். யோசனை யாருடையதோ அதன்படி என்றாள் மமதா. அகரவரிசைப்படி போடுங்களேன் என்று கிளாரன்ஸ் சொன்னார். எந்த மொழியில் பார்த்தாலும் ஈவ்லின்தான் முதலில் வருகிறாள் என்பதால் அதை மமதா ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா பெயரை முன்னால் போட்டு எழுதினால் என் பெயர்தான் முந்தும் என்றாள். கிளாரன்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு பியாட்ரிஸ் வீட்டில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

கட்டுரை இன்னும் போகவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் மமதா வருகிறாள். போன வாரம் அவளுக்கென்று ஈவ்லின் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டாள், தன்னுடையதைவிட இரண்டு விரற்கடை தாழ்வாகப் பார்த்து.